பூவரச மரத்தடியை விட்டு அம்மா உள்ளே போன நாள்

பாம்பன்,
சனிக்கிழமை.

அன்பு மகள் ஜெர்லினுக்கு அய்யா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஆடு இரண்டும் எங்களைவிடத் தெம்பாக இருக்கின்றன, அங்கே நீயும் உன் ஆஸ்பத்திரியும் அந்தப் பனியும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். நலம் விசாரித்தாயிற்று. இனி ஒரு மானக்கேட்டைச் சொல்ல வேண்டும். வேறு யாராவது உனக்கு வீடியோ அனுப்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவதுதான் கௌரவம். ஓட்டுப்பதிவு அன்று காலையில் உன் அய்யா பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபோது பின்னால் வந்த போலீஸ்காரர் பிடித்து இழுத்தார். அவர் இழுத்தது என்னை, ஆனால் கையோடு வந்தது வேட்டி. நல்லவேளை, உள்ளே பங்குக் கோயில் கால்பந்துப் போட்டியில் கொடுத்த ஏழாம் நம்பர் டவுசர் போட்டிருந்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னை ஏழாம் நம்பராகப் பார்த்துவிட்டார்கள். அந்தப் போலீஸ்காரர் சின்னப் பையன், மரியாதையாக வேட்டியை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டுப் போட்டவுக வீட்டுக்குப் போகணும், போடாதவுக வரிசையில நிக்கணும், நீங்க ரெண்டுலயும் சேத்தி இல்லாம சன்னல்ல தொங்குனா என்னண்ணே அர்த்தம் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு திருத்துகிறாள், ஒரு கதையை நிம்மதியாகக் கூட்டிச் சொல்ல விடுவதில்லை. கடிதம் என்றால் என் ராஜ்யம், அதனால்தான் தபால்.

ஜன்னலில் ஏன் தொங்கினேன் என்றால், உள்ளே உன் அம்மா ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம் தாயி, நம் அனிட்டா, மண்டபம் அகதிகள் கேம்ப்பில் பிறந்து நாற்பது வயது தாண்டிய உன் அம்மா, முதல் முறையாக. நாங்கள் இரண்டு பேரும் விரலைத் தூக்கிக் காட்டி அனுப்பிய போட்டோவில் அம்மா விரலைப் பார்த்து நீ போனில் கத்திய கத்தில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, அதை டேவிட்ராஜ் வீட்டுக் கொல்லையில் போய்ப் பிடித்து வந்தோம், அங்கே அது அவர் மனைவியின் செம்பருத்தியைத் தின்றுவிட்டது, அந்தப் பஞ்சாயத்து தனி. விரலை நீ பார்த்தாய், விரல் வந்த வழி உனக்கு முழுதாகத் தெரியாது, அதைத்தான் எழுதப்போகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் வெள்ளை வேட்டி கட்டி முன்னால் நடப்பேன், அம்மா பின்னாலேயே வருவாள், பள்ளிக்கூடத்து வாசல் பூவரச மரம் வந்ததும் நின்றுகொள்வாள். என் பையையும் குடையையும் அவள் கையில் கொடுத்துவிட்டு நான் மட்டும் பெரிய மனுசன் மாதிரி உள்ளே போய் வருவேன். சட்டமன்றம், பாராளுமன்றம், பஞ்சாயத்து என்று எத்தனை தேர்தல், எல்லாவற்றுக்கும் அவளுக்கு அந்த மரம்தான். அதுகூடப் பரவாயில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வாசலில் அவளைப் பார்த்ததும் அக்கா என்று கையைத் தூக்கிக் கும்பிட வருவார்கள், கூட வருகிற உள்ளூர்க்காரன் காதோரம், அவுகளுக்கு ஓட்டு இல்லண்ணே, கேம்ப்புக்காரவுக என்பான், உடனே தூக்கிய கை பாதியிலேயே கீழே இறங்கிவிடும். அந்தப் பாதியில் இறங்குகிற கையை உன் அம்மா எத்தனை தடவை பார்த்திருப்பாள். ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான் அப்போதெல்லாம் எந்தச் சின்னம் ஜெயிக்கும் என்று டீக்கடையில் உலகத்துக்கே விளக்கிக்கொண்டிருந்தேன். போன பாராளுமன்றத் தேர்தலில் நீ முதல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரலைக் காட்டினாயே, அப்போது அவள் உன் விரலைப் பிடித்துத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகுதா எண்டு பாத்தன் என்றாள். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நீதான் சிரிப்பை நிறுத்திவிட்டு, இங்கன பொறந்தவுகளுக்கு ஏன் ஓட்டு இல்ல அய்யா என்று கேட்டாய். இருபது வருஷமாக ஒரே பாயில் படுத்தவனுக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி.

நீ ஜெர்மனிக்குக் கிளம்பும் முன்னால் ராமநாதபுரத்தில் வக்கீல் மாஷிதாவைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனது வரைக்கும் உனக்குத் தெரியும். அதன்பிறகு அந்தப் பிள்ளை எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னது. எண்பத்தேழு ஜூலை முதல் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும், அப்பா அம்மா எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர், அப்படித்தான் சட்டம் சொல்கிறதாம். அம்மா எண்பத்தைந்தில் மண்டபத்தில் பிறந்தவள். நாம் யாரிடமும் எதையும் புதிதாகக் கேட்கவில்லை, இருப்பதை இருக்கு என்று சொல்லச் சொல்கிறோம், அவ்வளவுதான் என்றது. அம்மா பையிலிருந்து கேம்ப் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அப்ப நான் இவ்வளவு காலமும் இந்தியாக்காரியா இருந்துகொண்டுதான் மாசாமாசம் போய்க் கையெழுத்துப் போட்டனானா என்று கேட்டாள். உனக்கும் தெரியுமே, கல்யாணமாகிப் பாம்பனுக்கு வந்த பிறகும் மாதம் தவறாமல் கேம்ப்புக்குப் போக வேண்டும், அதிகாரி பெயரைக் கூப்பிடுவார், இருக்கேன் சார் என்று எழுந்து நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். நீ வயிற்றில் இருந்தபோது நிறைமாதத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறாள். நீ சின்னப் பிள்ளையாகக் கூடவே போய், அம்மா பெயரைக் கூப்பிட்டால் நீயும் சேர்ந்து இருக்கேன் சார் என்று கத்துவாய்.

கேஸ் மதுரைக் கோர்ட்டில் நடந்தது. நான் இரண்டு சட்டை புதிதாகத் தைத்துக்கொண்டேன், ஜட்ஜ் என்னைக் கேட்டால் சொல்வதற்கு நல்ல நல்ல வசனமாக யோசித்து வைத்திருந்தேன், அதில் ஒன்றைச் சும்மா ஒத்திகைக்காகக் கோர்ட்டு கேன்டீனில் மாஷிதாவிடம் சொல்லிக் காட்டினேன். அந்தப் பிள்ளை டீயைக் கீழே வைத்துவிட்டு, அண்ணே, நீங்க உள்ள வந்து வாயத் தொறக்காம இருந்தீகன்னாலே பாதிக் கேஸ் ஜெயிச்ச மாதிரிண்ணே என்றது. அதனால் அந்த வசனங்கள் வீணாயின, ஆட்டிடம் சொன்னேன். தீர்ப்பு வந்த அன்று நான் ஒரு பெரிய மாலையோடு போயிருந்தேன், யார் கழுத்தில் போடுவது என்று தெரியவில்லை, வக்கீல் வேண்டாம் என்றுவிட்டது, அம்மா முறைத்தாள், கடைசியில் பஸ்ஸில் வரும்போது என் மடியிலேயே கிடந்து நசுங்கியது. இந்தியாவில் பிறந்த இந்தியர் என்று தமிழில் சொன்னால் ஒரு வரி, அதை இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அம்மா ஒன்றும் புரியாமலே எல்லாப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். தன் பெயர் வருகிற இடத்தில் மட்டும் விரல் நிற்கும்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நவம்பரில் வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று வீட்டுக்கு வீடு பாரம் கொடுத்தார்கள், நிரப்பித் தராதவர் பெயர் போய்விடும் என்றார்கள். ஊரே கதிகலங்கிப்போனது. அப்போது பார்க்கணும் உன் அய்யாவை. மனைவிக்கு ஓட்டு வாங்கித் தந்த சட்ட மேதை அல்லவா, தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பால்சாமி வீட்டுக்கு, டேவிட்ராஜ் வீட்டுக்கு, ஐஸ் கடைக்காரருக்கு, யாருக்கெல்லாம் கண் தெரியவில்லையோ அவர்களுக்கெல்லாம் நான்தான் நிரப்பினேன். அசட்டையா இருந்துறாதீகப்பா, இது உங்க உரிமை என்று நான் போட்ட அதட்டலில் பால்சாமி பயந்துபோய்த் தன் செத்துப்போன மாமனாருக்கும் ஒரு பாரம் கேட்டார். அம்மாவுக்குப் புதிதாகச் சேர்க்கிற பாரம், அதை மட்டும் அவள் என்னைத் தொட விடவில்லை, தானே எழுதினாள். பிறந்த ஊர் என்ற இடத்தில் மண்டபம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்க் கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதினாள்.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான், இவர் வெளிநாட்டவர், சேர்க்கக் கூடாது என்று ஆட்சேபம் எழுதிப் போட்டுவிட்டார். யார் என்று இன்றுவரை தெரியாது. நான் டேவிட்ராஜ் மேல் சந்தேகப்பட்டு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை, அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தபோது இன்னும் கோபம் வந்தது. விசாரணைக்குத் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு முதல் நாள் அம்மா சாப்பிடவில்லை. தந்திட்டுத் திருப்பிப் புடுங்குவினமோ என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், நான் சும்மா சமாளித்துச் சிரித்தேன். அதிகாரி நல்ல மனிதர், ஆனால் கேள்வி கேட்பது அவர் வேலை. எந்த ஊரும்மா என்றார். மண்டபம் என்றாள். சொந்த ஊர் என்றார். மண்டபம். அப்பாவுக்கு எந்த ஊர் என்றார். மன்னார்ப் பக்கம் பேசாலை. அப்ப உங்க ஊரு பேசாலைதான என்றார். அதுவரைக்கும் குனிந்திருந்த உன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். உனக்குத் தெரியுமே, கோபம் வந்தால்தான் அவளுக்கு அவள் அம்மாவின் பேச்சு முழுசாக வரும். சேர், பேசாலைய நான் படத்திலகூடப் பாத்ததில்ல, எனக்குத் தெரிஞ்ச கடல் இந்தப் பக்கத்துக் கடல்தான், கோட்டிலயும் அதத்தான் எழுதித் தந்திருக்கினம், நீங்கள் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ என்று தீர்ப்பை அவர் பக்கம் தள்ளினாள். அவர் படித்தார். நிதானமாக, ஒரு பக்கமும் விடாமல் படித்தார். படித்து முடித்துவிட்டு ஆட்சேபத் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்குப் போங்கம்மா, பேரு வந்துரும் என்றார். வெளியே வந்ததும் அம்மா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, இஞ்சருங்கோ, நல்லாப் பசிக்குது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் மூன்று பரோட்டா சாப்பிட்டாள். சால்னா இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள்.

கடைசிப் பட்டியல் வந்த அன்று பெயரைப் பார்த்ததும் நான் லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த நாட்களை நீ பார்த்திருக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் இந்தத் தடவை கையை முழுசாக மேலே தூக்கினார்கள். அம்மா அவசரப்படாமல் அந்தக் கை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். இறங்கவில்லை. அதன்பிறகுதான் வேலையைக் காட்டுவாள். ஒருவரை வாசலிலேயே நிறுத்தி, கேம்ப்பில தண்ணி எந்த நேரம் வருது தெரியுமோ என்று கேட்டாள், இன்னொருவரை, கருவாடு காயப்போடச் சிமெண்டுத் தளம் போன தேர்தலிலயே தாறம் எண்டனீங்கள், எங்க என்று கேட்டாள். போன தேர்தலிலும் இவளுக்கு இதெல்லாம் தெரியும், கேட்க இடமில்லை, அவ்வளவுதான். மூன்றாவதாக வந்தவர்கள் நம் வீட்டைக் கண்டதும் எதிர்ச் சந்துக்குள் திரும்பிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு, உன் பாஸ்போர்ட் விசாரணைக்குக் கட்டிய அந்த நீலப் புடவையைக் கட்டினாள். கையில் ஒரு பை. அதில் வாக்காளர் அட்டை, தீர்ப்பு, பிறப்புச் சான்று, கேம்ப் அட்டை, நம் கல்யாணப் போட்டோ எல்லாம். கல்யாணப் போட்டோ எதுக்கு என்றேன், கேட்டால் எடுக்கலாம் எண்டு என்றாள். நாற்பது வருஷம் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. உன் ஜோஸ்வா மாமாவும் கேம்ப்பிலிருந்து வந்துவிட்டான், சவரம் பண்ணி வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. பூவரச மரத்தடி வந்ததும் அவள் பழக்கத்தில் நின்றுவிட்டாள். நான் கையை நீட்டினேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், பிறகு அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு பையை என் கையில் கொடுத்து, இந்தாங்கோ பிடியுங்கோ, துலைச்சுப் போடாதேங்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பையோடு நான் மரத்தடியில் நின்றேன். அத்தனை வருஷம் அவள் நின்ற இடத்தில் இன்று நான் நிற்பதுதான் முறை என்று ஜோஸ்வாவிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவனுக்கு ஓட்டு இல்லை, உனக்குத் தெரியும். அவன் பிறந்தது எண்பத்தேழு செப்டம்பரில். இரண்டு மாதம். ஒரே கேம்ப், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே தாய், அக்கா இந்தியர், தம்பி அகதி. மச்சான், எனக்கும் அக்காவுக்கும் நடுவுல ஒரு ஜூலை மாசம் வந்து ஒக்காந்துருச்சு என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். மாஷிதாவிடம் கேட்டேன், அவனுக்கு வேறு பிரிவு, வேறு மனு, நாளாகும், ஆனா போடுறோம், நீங்க மட்டும் மதுரைக்கு வராதீகண்ணே என்றிருக்கிறது.

உள்ளே நடந்ததில் பாதி நான் ஜன்னலில் பார்த்தது, மீதி உள்ளே கட்சி ஏஜென்டாக உட்கார்ந்திருந்த டேவிட்ராஜ் சொன்னது. அட்டையை வாங்கிய அலுவலர், ஏஜென்டுகளுக்குக் கேட்கட்டும் என்று வழக்கம்போலப் பெயரைச் சத்தமாக வாசித்தார். அனிட்டா, கணவர் செபஸ்தியான். அவ்வளவுதான். உன் அம்மா விறைப்பாக நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டு, இருக்கேன் சார் என்றாள். யாரோ ஒரு ஏஜென்டு பையன் சிரிக்க ஆரம்பித்தானாம், ஏலே சும்மா இருலே, ஓன் வயசுக்கு மேல அவுக கையெழுத்துப் போட்டுருக்காக என்று டேவிட்ராஜ் அதட்டினாராம். அதற்காக அவர் வீட்டுச் செம்பருத்திக்கு இரண்டு புதுக் கன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். அலுவலர் வாத்தியார் போல, அவருக்கு என்ன புரிந்ததோ, ஆமாம்மா, இருக்கீக, பேரு இருக்கு, உள்ள போங்க என்றார். அந்த நேரத்தில்தான் நான் ஜன்னலில் ஏறினேன். மை வைத்தவரிடம், இன்னும் கொஞ்சம் வையுங்கோ என்று கேட்டாள். மறைப்புக்குள் போனவள் வரவே இல்லை. மேலிருந்து கீழாக அத்தனை பெயரையும் சுயேச்சை உட்பட வாசித்திருக்கிறாள், பின்னால் வரிசை முனகுகிறது, என் வேட்டி போனதும் அந்தக் கட்டத்தில்தான். பிறகு அந்த நீளமான பீப் சத்தம் வந்தது. வெளியே வரும்போது விரலை யார் மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜோஸ்வா அந்த விரலைத் தொட்டுப் பார்த்தான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்ததால் நான் அழவில்லை, இரண்டு வேலையை ஒரே நேரத்தில் என்னால் செய்ய முடியாது.

யாருக்குப் போட்டாய் என்று அன்று முதல் கேட்டுப் பார்க்கிறேன். நெய்மீன் வாங்கி வந்தும் கேட்டேன். மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ரகசிய வாக்கெடுப்பு எண்டு சட்டத்தில இருக்கு, மாஷிதாவைக் கேளுங்கோ என்கிறாள். நான் செலவழித்து வாங்கித் தந்த சட்டம் என் மேலேயே பாய்கிறது. மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை, மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கின்றன, நாட்டுப்படகுக்காரன் எனக்குத் தடை இல்லை என்றாலும் நம் வள்ளத்தையும் ஏற்றி வைத்துத் தார் அடிக்கிறோம், ஜோஸ்வா கேம்ப்பில் சொல்லிவிட்டு வந்து கூடமாட நிற்கிறான். அம்மா கேம்ப் அட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாயிற்று, வந்ததும் உன்னைப் பார்க்க வருவாளாம், என்னையும் கூட்டி வரலாமா என்று யோசிக்கிறாளாம்.

மகளே, நேரத்துக்குச் சாப்பிடு, காலில் கம்பளி உறை போடாமல் தூங்காதே, நைட் ட்யூட்டி முடிந்து வரும்போது தனியாக வராதே. மாதா உன்னோடு இருக்கட்டும், நீ தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ கேட்ட கேள்வியால்தான் உன் அம்மா உள்ளே போனாள் என்பதை மறக்காதே. கடைசியாக ஒன்றை மனதில் வைத்துக்கொள். அங்கே அரசாங்கத்திலிருந்து எந்தப் பாரம் வந்தாலும் அன்றைக்கே நிரப்பி அன்றைக்கே கொடுத்துவிடு, நாளைக்கு என்று எங்கேயும் எடுத்து வைக்காதே.

உன் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்,
அய்யா செபஸ்தியான்.

பி.கு.: தெரு முழுக்கப் பாரம் நிரப்பிக் கொடுத்தேன் என்றேனே, என்னுடையது இன்னும் டிவிக்கு மேல்தான் இருக்கிறது. பட்டியலில் என் பெயர் இல்லை. போட்டோவை இன்னொரு முறை பார், அம்மாவுக்கு இடது கை விரல், எனக்கு வலது கை விரல். என் விரலில் இருப்பது ஜோஸ்வா தொட்டு வைத்த வள்ளத்துத் தார்.